நொதியியல் அறிஞர் கமலா சோஹோனி அம்மையார்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் தலைவர்கள், புலவர்கள், சீர்திருத்தச் செம்மல்கள் ஆகியோரின் வரலாறுகளுடன் அறிவியல் அறிஞர் ஒருவரின் வரலாறும் இடம்பெறுதல் வேண்டும் என்பது நம் அவா. அறிவியல் என்றவுடன் நியூட்டனையும் ஐன்ஸ்டீனையும் எழுதி அமைந்துவிடுதல் எளிது. அவர்களைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்களே போதிய அளவு கூறுகின்றன. எனவே உருளைக்கிழங்கையும் மொச்சைக் கொட்டையையும் மரத்திலிருந்து இறக்கிய பதநீரையும் ஆய்வகத்திற்குக் கொண்டு சென்று, அவற்றுள் அடங்கியவற்றைத் தம் வாழ்நாள் எல்லாம் ஆராய்ந்த ஒரு பெண்மணியைத் தேர்ந்துகொண்டோம். பனையும் சவுக்கும் முந்திரியும் சூழக் கடலோரத்தில் வாழும் பொம்மையார்பாளையத்து இளைஞர்களுக்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் எதுவும் புதியதன்று. அவர் அவற்றை நோக்கிய நோக்கே புதிது.

கமலா அம்மையார் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றோம். அவர் பிறந்தது கற்றறிந்த பிராமணக் குடும்பம். அவருடைய வீட்டில் புத்தகம் இருந்தது, சோறு இருந்தது, கல்லூரியின் பெயரைச் சொல்லி வழிகாட்டத் தந்தையும் சிற்றப்பனும் இருந்தனர். இவ்வளவும் இருந்தும், பிறப்பைக் காரணம் காட்டி அவருக்கு ஒரு கதவு அடைக்கப்பட்டது. அவர் பெண்ணாகப் பிறந்ததே அக்காரணம். பிறப்பைக் காட்டிக் கதவை அடைப்பது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அவர் வரலாற்றை நாம் அயலார் வரலாறாகக் கருதவில்லை.

அம்மையார் 1911-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் இந்தூரில் பிறந்தார். இயற்பெயர் கமலா பாகவத். தந்தை நாராயணராவும் சிற்றப்பன் மாதவராவும் வேதியியல் கற்றவர்கள். பெங்களூரில் டாட்டா நிலையம் என்று மக்கள் வழங்கும் இந்திய அறிவியல் நிலையத்தின் தொடக்கக்கால மாணவர்கள். தமக்கை துர்கா பாகவத் பின்னாளில் மராத்தி மொழியின் பெரும் எழுத்தாளராக விளங்கியவர்; 1975-ஆம் ஆண்டு நெருக்கடிநிலையை வெளிப்படையாக எதிர்த்துச் சிறை சென்றவர். அஞ்சாமை அக்குடும்பத்துப் பெண்களுக்குப் பொதுவுடைமை போலும்.

கமலா பம்பாயில் வேதியியலை முதன்மைப் பாடமாகவும் இயற்பியலைத் துணைப் பாடமாகவும் கற்று, 1933-இல் பி.எஸ்சி. தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். தந்தையும் சிற்றப்பனும் பயின்ற அதே நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அப்பொழுது அந்நிலையத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றிருந்தவர் சர் சி.வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்று, உலக அரங்கில் நாட்டின் பெயரை நிறுத்திய அதே இராமன்தான். பெண்கள் ஆராய்ச்சிக்குத் தகுதியுடையவர்கள் அல்லர் என்பது அவர் கூறிய காரணம்.

தகுதி என்னும் இச்சொல்லை நம் இளைஞர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். முதல் மதிப்பெண் பெற்ற சான்றிதழ் மேசைமேல் கிடக்கிறது. அதைக் கண்ட பின்னும் தகுதி இல்லை என்று விடை வருகிறது. எனில் அங்கே அளக்கப்பட்டது தகுதி அன்று, வேறொன்று. ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற பேச்சை வகுப்பறையிலோ விடுதியிலோ கேட்டு மனம் நொந்த நம் பிள்ளைகள் பலர். அச்சொல் அவர்களுக்கு மட்டும் எறியப்பட்டதன்று. அது நெடுங்காலமாகப் பூட்டாகப் பயன்பட்டு வரும் சொல்.

கமலா மறுமொழியை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பவில்லை. பெங்களூருக்கே சென்றார். பெண் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டாயின் அதைக் கூறுமாறு இயக்குநரிடம் நேரிலே வினவினார். காந்தியடிகள் நாடெங்கும் அறப்போர் முறையைப் பயிற்றுவித்த காலம் அது. அம்மையாரும் இயக்குநர் அறையின் முன் சத்தியாக்கிரகம் இருந்தார் என்று அவர் வரலாறு கூறும். முடிவில் இராமன் இணங்கினார். ஆனால் நிபந்தனைகள் விதித்தார். முதலாண்டு முழுதும் அவர் முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார். சோதனை நிலையிலேயே இருப்பார். வழிகாட்டி ஆணையிட்டால் இரவு நெடுநேரம் வரை உழைக்க வேண்டும். இயக்குநர் நிறைவுகொள்ளும் வரை அவர் ஆய்வுக்கு ஏற்பளிக்கப்பட மாட்டாது. ஆண்களின் கவனம் சிதையும்படி நிலையத்தின் சூழலைக் கெடுத்துவிடக் கூடாது.

இறுதி நிபந்தனையைப் படிக்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகின்றது. ஒருவர் அங்கிருப்பதே மாசு என்று கருதும் எண்ணம் இந்நாட்டில் எத்தனை வடிவங்களில் உலவி வந்துள்ளது! கிணற்றடியில் அதற்கு ஒரு பெயர். கோயில் வாயிலில் மற்றொரு பெயர். ஆய்வகத்திற்குள் சூழல் கெடுதல் என்று பெயர்.

இந்நிபந்தனைகளை அவர் ஏற்றது சரிதானா என்று நம் கழகத்தின் இளைஞர் சிலர் வினவக்கூடும். தன்மானம் உள்ளவர் எழுந்து வெளியேறியிருக்க வேண்டாமா என்றும் கேட்கலாம். நம் கருத்து வேறு. வெளியேறியிருந்தால் கதவு அடைத்தபடியே கிடந்திருக்கும். அடைத்தவரின் கூற்றே மெய் என்று நிலைபெற்றிருக்கும். அவர் இடத்தை ஏற்றார், இழிவை ஏற்கவில்லை. முதுமையிலும் அதனை இழிவென்றே பலர் அறியக் கூறினார். இராமன் பேரறிஞர் என்பதற்காக அதனை மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. ஓராண்டு கழிந்தது. இராமனுக்குக் குறை கூற ஒன்றும் அகப்படவில்லை. கமலா முறையான ஆராய்ச்சி மாணவியானார். அதன்பின் நிலையத்தில் பெண்கள் சேர வழி பிறந்தது. 1940-இல் இராமனிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார் அன்னா மாணி. வானிலைக் கருவிகள் துறையில் இவர் பின்னாளில் நாட்டிற்கே வழிகாட்டினார். இருப்பினும் கதவு ஒரே தள்ளில் முழுதும் திறந்துவிடவில்லை. அன்னா மாணியின் ஆராய்ச்சி ஏட்டிற்கு, எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளிக்க மறுத்தது.

பெங்களூரில் கமலாவுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஸ்ரீனிவாசய்யா. கண்டிப்பு மிகுந்த ஆசான். பேரறிஞர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கப் பணித்தவர். அவரிடம் கமலா மேற்கொண்ட ஆராய்ச்சி பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களைப் பற்றியது. பருப்பில் உள்ள நைட்ரஜன் முழுதும் புரதத்திலிருந்தே வருகிறதா என்பது ஒரு வினா. புரதம் எவ்வளவு என்று கணிக்க அக்காலத்து வேதியியலார் நைட்ரஜனை அளந்து கணக்கிடுவர். நைட்ரஜனில் ஒரு பகுதி புரதமல்லாத பொருள்களில் இருக்குமாயின் கணக்குப் பிழைபடும். ஏழையின் தட்டில் இருப்பதாக ஏட்டில் எழுதிய புரதம் தட்டில் இராது. பருப்பின் புரதமல்லாத நைட்ரஜனைப் பற்றி ஸ்ரீனிவாசய்யாவும் கமலாவும் எழுதிய கட்டுரை 1935-இல் இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளிவந்தது. சோதனை நிலை மாணவியாக உள்ளே விடப்பட்டு இரண்டாண்டு நிறையும் முன்பே இது நிகழ்ந்தது என்பதைக் கருதுக. 1936-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

1937-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே பெண்களுக்கான நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். அவர் நாடிச் சென்ற ஆய்வகம் பிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்னும் பேரறிஞருடையது. வைட்டமின்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1929-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். ஆனால் ஆய்வகத்தில் இடம் இல்லை. மேசைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அங்கே பணியாற்றிய டெரிக் ரிக்டர் என்னும் ஆராய்ச்சியாளர் தம் மேசையைப் பகற்பொழுதில் கமலாவுக்கு விட்டுக்கொடுத்தார். தம் வேலையை இரவில் செய்துகொள்வதாகக் கூறினார். பெங்களூரில் தகுதி இல்லை என்றார்கள். கேம்பிரிட்ஜில் இடம்தான் இல்லை என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. இடமின்மைக்கு ஒரு நல்ல மனிதர் தீர்வு கண்டார்.

இனி அவருடைய பெயரை நிலைநாட்டிய ஆராய்ச்சிக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் பட்டங்களையும் பதவிகளையும் எண்ணிவிட்டு அறிஞர் அறிந்தது யாது என்பதைச் சொல்லாமல் விடுகின்றனர்.

நொதி என்னும் சொல்லை நம் முன்னோர் நொதித்தல் என்னும் வழக்கிலிருந்தே பெற்றுத் தந்தனர். இரவில் நீரூற்றிய சோறு காலையில் புளிப்பதும், மாவு பொங்குவதும், பதநீர் கள்ளாக மாறுவதும் நொதித்தலே. உயிருள்ள நுண்ணுயிர்கள் இன்றி இது நிகழாது என்றே நெடுநாள் கருதினர். 1897-இல் செருமானிய அறிஞர் பூக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாற்றாலேயே சர்க்கரையை நொதிக்கச் செய்து காட்டினார். உயிர் போன பின்னும் வேலை செய்யும் பொருள் ஒன்று சாற்றில் உண்டு என்பது விளங்கிற்று. அதுவே நொதி. தான் தீர்ந்துபோகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவது அதன் இயல்பு. நொதிகள் பெரும்பாலும் புரதங்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கத்தரிக்காயையும் வாழைக்காயையும் நறுக்கியவுடன் நம் தாய்மார் நீரில் இடுவர், இடாவிடில் கறுத்துப்போகும். உருளைக்கிழங்கும் அவ்வாறே. அரிவாள்மணை பட்ட இடத்தில் செல்கள் உடைகின்றன. உள்ளே பிரிந்து கிடந்த பீனால் வகைப் பொருள்களும் அவற்றை ஆக்சிசனுடன் சேர்க்கும் நொதியும் ஒன்றுகூடுகின்றன. கறுப்பு நிறம் தோன்றுகின்றது. இந்நொதி வகையைப் பற்றி ரிக்டருடன் கமலா ஆராய்ந்தார். உருளைக்கிழங்கு சுவாசிப்பதற்கே இக்கறுக்கும் நொதிதான் காரணம் என்று கருதிய அறிஞர்களும் அன்று இருந்தனர். கிழங்கும் சுவாசிக்கிறதா என்று வியப்பவர் மூட்டையில் நெடுநாள் கட்டிவைத்த கிழங்கைத் தொட்டுப் பார்க்கட்டும். அதில் வெப்பம் இருக்கும்.

விலங்குகளின் சுவாசத்தைப் பற்றி அதே கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் என்பவர் 1925-இல் ஒரு பெரும் உண்மையை வெளியிட்டிருந்தார். செல்லுக்குள் இரும்பைத் தாங்கிய நிறப்புரதம் ஒன்று உண்டு. அதற்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டார். உண்ட உணவிலிருந்து வரும் எலெக்ட்ரான்களைக் கைக்குக் கை மாற்றி இறுதியில் ஆக்சிசனிடம் சேர்ப்பது இவ்வகைப் புரதங்களின் பணி. தீப்பிடித்த குடிசைக்கு வரிசையாக நின்று குடம் மாற்றும் மக்களைப் போல, ஒன்று வாங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கும். வரிசையின் கடைசியில் நின்று ஆக்சிசனிடம் ஒப்படைப்பது சைட்டோகுரோம் ஆக்சிடேசு என்னும் நொதி. சைட்டோகுரோம் தாவரங்களிலும் உண்டு என்று கெய்லின் கண்டிருந்தார். ஆனால் அந்த முழு ஏற்பாடும் பூக்கும் தாவரங்களின் செல்களில் உண்மையில் இயங்குகின்றதா என்பது ஐயத்திற்குரியதாகவே இருந்தது. தாவரத் திசுவை நசுக்கினாலே அமிலமும் துவர்ப்புப் பொருள்களும் கலந்து மென்மையான நொதிகளைக் கெடுத்துவிடும். நிறப்பொருள்கள் வேறு கண்ணை மறைக்கும். ஆகவே இலையிலும் கிழங்கிலும் இதனைத் தேடுவது கடினம்.

ரிக்டர் அவ்வாய்வகத்தை விட்டுச் சென்றபின் கமலாவுக்கு வழிகாட்டியவர் ராபின் ஹில். பசுங்கணிகங்களை இலையிலிருந்து பிரித்தெடுத்து, ஒளிபட்டால் அவை ஆக்சிசனை வெளியிடுவதைக் காட்டியவர். தாவரவியல் பயில்வோர் ஹில் வினை என்று படிப்பது அதனையே. அவருடன் சேர்ந்து உருளைக்கிழங்கு முதலிய தாவரத் திசுக்களில் கமலா ஆராய்ந்தார். பூக்கும் தாவரங்களிலும் சைட்டோகுரோம் ஆக்சிடேசு உண்டு என்னும் அவர்கள் முடிவு 1939-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. கமலா அம்மையார் சைட்டோகுரோம் சி என்பதனையே முதன்முதல் கண்டுபிடித்தார் என்று சில நூல்கள் எழுதுகின்றன. அது மிகை. விலங்கில் கண்ட சுவாச முறை தாவரத்திலும் நடைபெறுகின்றது என்று நிறுவியதே அவர் தொண்டு. அதற்கு மிகை தேவையில்லை.

உருளைக்கிழங்கும் மாடும் மனிதனும் செல்லளவில் ஒரே வழியில் மூச்சு விடுகின்றன என்பது சிறிய செய்தியன்று. பின்னாளில் சைட்டோகுரோம் சி என்னும் புரதத்தின் அமினோ அமில வரிசையைப் பல உயிர்களில் ஒப்பிட்டுப் பார்த்தனர். மனிதனுக்கு அதில் 104 அமினோ அமிலங்கள். குதிரையுடையது 12 இடங்களில் வேறுபடும். சிம்பன்சிக் குரங்குடையதோ ஓர் இடத்திலும் வேறுபடாது. மனிதனையும் சிம்பன்சியையும் பிரிக்காத இப்புரதம் ஊரையும் சேரியையும் பிரித்து அறியுமா என்று நாம் கேட்டுவிட்டு மேலே செல்கின்றோம்.

கமலா 14 மாதங்களில் தம் ஆய்வேட்டை முடித்தார். அதன் அளவு 40 பக்கங்களே. அரையடி கனத்தில் ஏடு கட்டினால்தான் ஆராய்ச்சி என்று எண்ணுவோர் இதனை அறிவது நன்று. 1939-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.எச்டி. பட்டம் வழங்கிற்று. அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே என்று பல நூல்கள் குறிக்கின்றன. தலைச்சேரியில் தீயர் குலத்தில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த சானகி அம்மாள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இலேயே டாக்டர் பட்டம் பெற்றவர். பட்டத்தின் பெயரை வைத்து யார் முதல்வர் என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். இருவர் வரலாற்றையும் நம் மாணவியர் அறிந்திருத்தல் வேண்டும்.

1939-ஆம் ஆண்டிலேயே அம்மையார் தாயகம் திரும்பினார். புதுதில்லியில் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைப் பேராசிரியராகவும் தலைவராகவும் அமர்ந்தார். இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க இயலவில்லை. அமெரிக்காவிலும் இலண்டனிலும் உயர்கல்வி கற்றுவிட்டு 1917-இல் நாடு திரும்பிய அண்ணலுக்குப் பரோடாவில் உயர்பதவி கிடைத்தது. தலை சாய்க்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார். கமலா அம்மையார் பட்ட துன்பத்தைக் குறைத்துக் கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவருக்கு அடைக்கப்பட்ட கதவு ஒன்று. அதைத் திறந்தபின் வழி இருந்தது. நம்மவருக்குக் கதவுக்குப் பின்னும் கதவு இருந்தது. இரண்டையும் அறிந்து படிப்பதே வரலாற்றைப் படிக்கும் முறை.

தில்லியிலிருந்து அவர் தமிழகத்துக் குன்னூருக்கு வந்தார். அங்கே இராபர்ட் மெக்காரிசன் 1918-இல் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி, ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்திருந்தது. நன்கு தீட்டிய வெள்ளையரிசியை மட்டும் உண்போர்க்குப் பெரிபெரி வருவதும், புழுங்கல் அரிசி உண்போர்க்கு அது குறைவதும் அறிவியல் காரணத்துடன் ஆராயப்பட்ட இடங்களுள் குன்னூர் ஒன்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்குகின்றது. நீலகிரியின் குளிரில் இருந்த அவ்வாய்வகத்தில் அம்மையார் துணை இயக்குநராகப் பணியாற்றி வைட்டமின்களின் விளைவுகளை ஆராய்ந்தார். அவ்வாய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

1947-இல் எம்.வி. சோஹோனி என்னும் காப்பீட்டுக் கணக்கியல் அறிஞரை மணந்து பம்பாயில் குடியேறினார். அங்கே அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியரானார். இங்கேதான் அவர் மீண்டும் பயறுகளுக்குத் திரும்பினார். இம்முறை மாணவர் பலரைத் துணைக்கொண்டார்.

மொச்சையில் புரதம் மிகுதி. ஆயினும் வேகாத மொச்சையை உண்டவர் வயிறு படும் பாட்டை நாம் அறிவோம். காரணம் என்ன? உண்ட புரதத்தைச் சிறுகுடலில் துண்டாடுவது டிரிப்சின் என்னும் நொதி. மொச்சை, டபுள் பீன்ஸ் முதலிய விதைகளில் இந்த டிரிப்சினைப் பற்றிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கும் வேறொரு புரதம் உண்டு. பூச்சிகளும் விலங்குகளும் தன் விதையைத் தின்று செரித்துவிடாதபடி செடி வைத்துக்கொண்ட காவல் இது எனலாம். ஆகவே விதையில் எவ்வளவு புரதம் உண்டு என்று அட்டவணை எழுதினால் மட்டும் போதாது. அது உடம்பில் சேருமா என்றும் பார்த்தாக வேண்டும். இத்தகைய தடுப்புப் புரதங்களை அம்மையாரும் அவர்தம் மாணவரும் 1950-களில் இந்தியப் பயறு வகைகளிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். மொச்சையிலிருந்தும் டபுள் பீன்ஸிலிருந்தும் படிகமாகவே பெற்றனர். வெப்பம் பட்டால் இத்தடுப்புப் புரதங்கள் பெரும்பாலும் குலைந்து வலியிழக்கும். மொச்சையை இரவே ஊறவைத்து, மலர வேகவைத்து, பிறகே குழம்பில் சேர்க்கும் நம் பாட்டிமார் டிரிப்சினைக் கண்டவர் அல்லர். ஆனால் அதற்கு வழிவிட்டவர். பள்ளியில் படிக்கும் பெண், வீட்டில் செய்வதற்குக் காரணம் கண்டுபிடிப்பாள் எனின், அறிவியல் அவளுக்கு அயல்நாட்டுச் சரக்காகத் தோன்றாது.

பயற்றில் மற்றொரு சிறப்பும் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு ஆகிய தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் போதாது. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஆகவே கம்பங்கூழும் மொச்சைக் குழம்பும், களியும் காராமணியும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இறைச்சியும் பாலும் வாங்க இயலாத வீட்டில் இச்சேர்க்கையே பிள்ளையின் உடலை வளர்த்தது. ஏழைகளின் உணவு இழிந்த உணவு என்று எண்ணுவோர்க்கு உயிர்வேதியியல் தரும் விடை இது.

பதநீருக்கு வருவோம். இந்தியாவின் முதற் குடியரசுத் தலைவர் டாக்டர் இராசேந்திர பிரசாத் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, வடபுலத்தார் நீரா என்று அழைக்கும் இப்பானத்தை அம்மையார் ஆராயத் தொடங்கினார். விழுப்புரம் மாவட்டத்துப் பனங்காடுகளை அறிந்தவர்க்கு அதன் செய்முறையை நாம் விளக்க வேண்டுவதில்லை. பாளையைச் சீவிக் கலயம் கட்டுகின்றனர், உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயமாயின் பதநீர், தடவாததாயின் கள். சுண்ணாம்பு காரத்தன்மையை உண்டாக்குவதால் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களின் நொதிகள் சர்க்கரையைச் சாராயமாக்கும் வேலையைத் தொடங்க இயலாமற் போகின்றது. கலயத்தின் உட்சுவரில் ஒரு விரல் சுண்ணாம்பால் நொதியை அடக்கிவைக்கும் இக்கலையைக் கண்டவர் பெயரை எந்நூலும் எழுதி வைக்கவில்லை.

நீராவில் வைட்டமின் ஏ, வைட்டமின் சி, இரும்புச்சத்து ஆகியவை குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதை அம்மையாரின் ஆய்வுகள் காட்டின. காய்ச்சிச் சுண்டவைத்து வெல்லமாகவும் பாகாகவும் ஆக்கிய பின்னும் இச்சத்துக்கள் எஞ்சி நிற்பதையும் கண்டனர். ஊட்டக்குறைவால் நலிந்த பழங்குடிச் சிறாருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அன்றாட உணவுடன் நீரா அளித்தபோது உடல்நலம் நன்கு தேறியது. விலை மலிந்த பொருள், உள்ளூரில் கிடைப்பது, கப்பலேறி வரவேண்டாதது. இப்பணிக்காகக் குடியரசுத் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுவோர் நாட்டிற்கு உணவு தருவோர் என்னும் உண்மையும் அவ்விருதில் அடங்கியிருந்ததாகவே நாம் கொள்கின்றோம். ஏறுவோருக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைத்தனவா என்பது வேறு வினா.

இத்தனை பணிக்குப் பின்னும், அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவி அவருக்கு உரிய காலத்தில் வரவில்லை. நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அவர் பெண் என்பதே அதற்குக் காரணம் என்று எழுதியுள்ளனர். பெங்களூரில் 1933-இல் முகப்பில் நின்ற அதே தடை, கேம்பிரிட்ஜ் பட்டமும் நாடறிந்த ஆராய்ச்சியும் வந்த பின்னும் உள்ளறையில் காத்திருந்தது. முடிவில் பதவி வந்தது. அதனைத் திறம்பட நடத்தினார்.

பணி ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. பம்பாயில் பெண்கள் சிலர் 1966-இல் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுக் கழகத்தில் ஈடுபட்டு உழைத்தார். 1982-83-இல் அதன் தலைவராகவும் இருந்தார். கடையில் விற்கும் உணவுப் பொருளில் கலப்படம் உண்டா என்பதை வீட்டுப் பெண்களும் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கழகத்தின் கீமத் என்னும் இதழில் நுகர்வோர் பாதுகாப்புப் பற்றித் தொடர்ந்து எழுதினார். நேச்சர் இதழுக்கு எழுதிய கை, மிளகாய்த்தூளும் பாலும் வாங்கும் தாய்மாருக்காகவும் எழுதிற்று.

நம்மூருக்கு வடக்கே காலாப்பட்டில் 1985-இல் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலுக்கென்றே ஒரு துறை உண்டு. பேருந்தில் ஏறினால் சில நிமிடத் தொலைவு. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலும் உயிரியலும் பயின்று இளநிலைப் பட்டம் பெறும் மாணவர்கள் அத்துறைக்கு நுழைவுத் தேர்வு எழுதும் முறையையும், பட்டியல் இனத்து மாணவர்க்கு உரிய கல்வி உதவித்தொகைகளையும் ஆசிரியரிடம் கேட்டறிந்து முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். கமலா அம்மையாருக்குத் தந்தையும் சிற்றப்பனும் சொன்னதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கடமை மூத்தோராகிய நம்முடையது.

1998-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அம்மையாரைப் புதுதில்லிக்கு அழைத்துப் பாராட்டு விழா எடுத்தது.  விழா மேடையிலேயே அவர் மயங்கிச் சாய்ந்தார். சின்னாட்களில், அவ்வாண்டு சூன் 28-ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது.